வாசகர் கேள்வி – பதில்: தீவைக் காட்டும் காசில் கரைக்கு என்ன பங்கு?

ராமநாதபுரம் கடற்கரையில் நடைபெறும் படகுச் சவாரிகள், பறவைகள் சரணாலயங்கள், அவற்றால் மீனவக் குடும்பங்களுக்கும் கண்மாய்க்கரை உழவர்களுக்கும் கிடைக்கிற, அல்லது கிடைக்காமல் போகிற வருமானம் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் பாட்டி காலத்திலிருந்து நாங்கள் பாசி எடுக்கிற குடும்பம். இப்போது தீவுப் பக்கம் போகவே கூடாது என்கிறார்கள். மீறிப் போனால் பிடிபடுகிறோம். அதே தீவுக்கு வெளியூர்க்காரர்களை டிக்கெட் போட்டுப் படகில் கூட்டிப் போகிறார்கள். இது என்ன நியாயம்?
— மு. க., பாம்பன்

சட்டம் வேறு, நியாயம் வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு தொகுதிகளாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும், 560 சதுர கிலோமீட்டர் பரப்பில், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்டன. 1989-இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவிலிருந்து எந்த உயிரினத்தையும் எடுத்து வருவது குற்றம். ஆனால் ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்றவற்றுக்காக அனுமதிச்சீட்டு பெற்று உள்ளே சென்று வரலாம். ஆகவே, பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அனுமதியும் பறித்துக்கொண்டு வருகிறவருக்குத் தடையும் இருப்பதில் சட்ட முரண் எதுவும் இல்லை.

நியாயத்தின் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. பூங்கா வருவதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் கடலில் இறங்கியிருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிடுக்கில் வளரும் மரிக்கொழுந்து என்ற பாசியைக் கையால் பறித்துவருவது எப்படிப்பட்ட வேலை என்பது கரையில் நின்று பார்ப்பவர்களுக்குப் புரியாது. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் தயாரிக்கவும், கட்டக்கோரைப் பாசி ஆல்ஜின் தயாரிக்கவும் ஆலைகளுக்குப் போகின்றன; இரண்டும் உணவு முதலியவற்றைக் கெட்டியாக்கப் பயன்படும் பசைப்பொருள்கள். அதில் கிடைக்கும் பணத்தைக் கணவரின் வலைக்கடனுக்குக்கூடக் கொடுக்காமல் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்ட பெண்கள் இந்தக் கரையில் பல ஊர்களில் இருந்திருக்கிறார்கள். தடை கடுமையாகத் தொடங்கியபோது அவர்கள் இழந்தது அந்தக் கைப்பணத்தை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இரும்புச் சுரண்டியைப் பயன்படுத்தக் கூடாது, மாதம் முழுவதும் கடலில் இறங்கக் கூடாது, பாசி வளர விட வேண்டும் என்ற கட்டுப்பாடுகளைச் சில ஊர்ப் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி விதித்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்ததும் அந்தக் கூட்டு முயற்சியை முன்னிட்டுத்தான். கடலைக் காப்பது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

எனவே என் கருத்து இதுதான்: தீவைக் காட்டி வரும் பணத்தில் முதல் உரிமை, அந்தத் தீவு மூடப்பட்டதால் தொழில் இழந்தவர்களுக்கு உரியது. படகோட்டிக்குக் கூலி கொடுத்துவிட்டால் கிராமத்துக்குப் பங்கு கொடுத்ததாகிவிட்டது என்று கணக்கு எழுதுவது போதாது. ஏனெனில் படகு ஓட்டுவது பெரும்பாலும் ஆண்கள், பாசிக்கடலை இழந்தது பெண்கள். பாம்பன் அருகே உள்ள குந்துக்கால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகும் பயணிக்கு அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல ஆள் தேவை. பாசியின் வகைகளையும் நீரோட்டத்தின் போக்கையும் பவளப்பாறை எங்கே வெளுத்தது, எங்கே மீண்டது என்பதையும் உடம்பால் அறிந்த பெண்களைவிட அந்த வேலைக்குத் தகுதியானவர் யார்? குருசடையில் பாலனோகிளாசஸ் என்ற, மண்புழு போல மணலுக்குள் வாழும் ஒரு விலங்கு உண்டு. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் உள்ள உறவை விளக்க உயிரியல் வகுப்புகளில் அதைக் காட்டுவார்கள். கல்லூரி மாணவர்கள் புத்தகத்தில் படித்துவிட்டு வரும் அந்தப் புழுவின் மண்குவியலை, நீர் வற்றும் நேரத்தில் சட்டென்று விரலால் காட்டக்கூடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தாம்.

இதை நீங்கள் தனியாகக் கேட்டால் மனுவாக மட்டுமே கிடக்கும். ஊரில் பாசி எடுக்கும் பெண்கள் சேர்ந்து, வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்த சூழல் மேம்பாட்டுக் குழுவில் தங்களுக்கு இத்தனை இடம், நுழைவுக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு என்று எழுத்தில் கேளுங்கள். கிராமசபைத் தீர்மானத்தின் நகலை அதனுடன் இணையுங்கள்.

கேள்வி: காரங்காட்டைப் போல எங்கள் ஊரிலும் அலையாத்திக் காடும் கழிமுகமும் இருக்கின்றன. நான்கு நண்பர்கள் சேர்ந்து படகு விடலாம் என்றிருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?
— ஜெ. அ., தொண்டி வட்டாரம்

நான்கு நண்பர்கள் என்பதில்தான் எனக்குத் தயக்கம். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்குழுவும் சேர்ந்து நடத்துவதால்தான் அந்த முயற்சி நிலைத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே சென்றால், செங்கோல் மாதா ஆலயத்தை ஒட்டிய அந்தச் சிறிய மீனவ ஊரில், மீன்பிடிக்கப் போகிறவர்களே பயணிகளை அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். பெண்கள் நண்டுச் சூப்பும் மீன் சோறும் சமைத்துத் தருகிறார்கள். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து முளைத்து நிற்பதையும், இலையின் மேல் உப்பு படிந்திருப்பதை நாக்கில் தொட்டுப் பார்ப்பதையும் நகரத்துக் குழந்தைகள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

உங்கள் கழிமுகம் எந்த நிலவகையில் வருகிறது என்பதை முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான அலையாத்திப் பகுதிகள் காப்புக்காடுகளாக இருக்கும். அங்கே தனியார் குழு எதையும் தொடங்க இயலாது. அடுத்தது, எல்லோரும் தள்ளிப்போடும் செய்தி: மீன்பிடிப் படகாகப் பதிவு செய்யப்பட்ட படகில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவதற்குத் தனி அனுமதி, தனி ஆய்வு, தனிக் காப்பீடு வேண்டும். "நம்ம வள்ளம்தானே, தினம் கடலுக்குப் போய் வருகிறதுதானே" என்று நினைப்பது இயல்பு. வலை இழுக்கும் நான்கு பேர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள். பயணிகளோ ஒரு பறவையைக் கண்டவுடன் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள். கேரளத்தின் தானூரில் 2023 மே மாதத்தில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியமைத்த படகுதான். உயிர்காக்கும் சட்டையும் ஏற்றும் ஆள்கணக்கும் பேரத்துக்கு உரியவை அல்ல.

வருமானப் பகிர்வுக்குப் புதிய முறை எதையும் தேட வேண்டியதில்லை. கடலுக்குப் போய் வந்த மீனை விற்ற காசில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிற வழக்கம் உங்கள் கரையிலேயே இருக்கிறது. அதே முறையில் சுற்றுலாக் காசையும் பிரியுங்கள். ஊருக்கு ஒரு பங்கும், அந்தக் கழிமுகத்தில் நண்டும் இறாலும் கையால் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு ஒரு பங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகுகளை முறை வைத்து அனுப்புங்கள். முறை இல்லாத ஊரில், வசதியுள்ள ஒருவர் பெரிய படகும் நல்ல இருக்கையும் வாங்கிப் போட்டு இரண்டே ஆண்டுகளில் எல்லாப் பயணிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்; மற்றவர்கள் அவரிடம் கூலிக்கு நிற்பார்கள். சுற்றுலா வந்து ஊர் கெட்டது என்று பிற்பாடு பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

வரவு செலவை மாதம் ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். ஆலயத்தின் வரவு செலவை அப்படிப் படிக்கிற ஊர்தானே அது.

கேள்வி: ஆவுளியாவைப் பார்க்கப் படகுச் சவாரி இருக்கிறதா?
— ப. சு., திருச்சி

இல்லை, இருக்கவும் வேண்டாம். கடல் பசு என்றும் ஆவுளியா என்றும் அழைக்கப்படும் இந்தப் பாலூட்டி, கலங்கலான ஆழமற்ற நீரில் கடற்புல்லை மேய்ந்துகொண்டு, மூச்சு வாங்க மட்டும் சில நொடிகள் மூக்கை வெளியே நீட்டுகிறது. எஞ்சின் ஓசை கேட்டால் அதுவும் கிடையாது. "ஆவுளியாவைக் காட்டுகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கியிருக்கிறது. ஒரு விலங்கு உயிரோடு இருப்பதால் மீனவருக்கு நேரடியாகக் காசு வருவதற்குச் சுற்றுலாவைவிட இது நேர்மையான வழி என்று நினைக்கிறேன். அறுபட்ட வலையின் விலையும் அந்தத் தொகைக்குள் அடங்கினால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் கண்மாய் சரணாலயமானது, இப்போது ராம்சார் என்கிறார்கள். இனிப் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்க முடியாது என்று ஊரில் பேச்சு. பறவை பார்க்க வருகிறவர்களால் எங்களுக்கு ஒரு டீக்கடை வியாபாரம்கூட நடக்கவில்லை.
— வெ. ரா., நயினார்கோவில் ஒன்றியம்

தண்ணீர் பற்றிய அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஈரானின் ராம்சார் நகரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கை, ஈரநிலங்களை அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறதே தவிர பயன்பாட்டையே நிறுத்தச் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகியவை 2022-இலும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை 2025 பிப்ரவரியிலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் 2022-இல் சேர்க்கப்பட்டது. இந்தக் கண்மாய்கள் எல்லாம் உழவுக்காக நம் முன்னோர் கரை போட்டுக் கட்டியவை. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போவதால் மட்டுமே ஆண்டுதோறும் யாராவது வரத்துக்காலையும் கரையையும் பார்த்துக்கொள்கிறார்கள். பாசனம் நின்றால் கண்மாய் தூர்ந்துபோகும். கண்மாய் தூர்ந்தால் பறவை ஏது?

ஆனால் சரணாலயம் என்ற அறிவிப்பு சில வருமானங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்பது உண்மை. நீர்ப்பிடிப்புக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விட்டு ஊர்ப் பொதுக்காசு சேர்ப்பதும், கண்மாய் மீன் குத்தகையும், வண்டல் எடுப்பதும் முன்போல நடப்பதில்லை. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் அந்த நாட்டுக்கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன என்பதால் மரத்தைக் காப்பது அவசியம். அதற்கான விலையை ஊர் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது சரியல்ல. பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்று அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான், என்றாலும் வைகைத் தண்ணீரும் மழையும் வராத ஆண்டில் உரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த ஆண்டில் பறவையும் வராது, பயணியும் வரமாட்டார்.

டீக்கடைக் கதைக்கு வருகிறேன். பறவை பார்க்க வருகிறவர் காலை ஆறு மணிக்குக் காரில் வந்து, கரையில் நின்று, பெரிய லென்ஸால் படம் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு ராமநாதபுரத்துக்குத் திரும்பிச் சிற்றுண்டி சாப்பிடுகிறார். அவர் பணம் உங்கள் ஊரில் இறங்குவதற்கு அவர் அங்கே தங்கியாக வேண்டும், அல்லது சாப்பிட்டாக வேண்டும், அல்லது வழிகாட்டி ஒருவரை அமர்த்தியாக வேண்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, கூடு கட்டும் காலத்தில், எந்த மரத்தில் எந்தப் பறவை முட்டையிட்டிருக்கிறது, எது குஞ்சு பொரித்துவிட்டது என்பதை அறிந்த இளைஞர்கள் இருவரை ஊர் நியமித்து, காட்டுவதற்கு ஒரு கட்டணத்தை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். நடைபாதை, கோபுரம், வண்ணமடித்த வளைவு இவற்றுக்கெல்லாம் ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியை அந்த இளைஞர்களின் பயிற்சிக்கும் இரண்டு தொலைநோக்கிகளுக்கும் செலவிட்டால் ஊருக்கு மிஞ்சும். வளைவைப் பார்க்க யாரும் வருவதில்லை.

கேள்வி: மீன்வளம் குறைந்துகொண்டே போகிறது. மீனவர்கள் படிப்படியாகச் சுற்றுலாவுக்கு மாறிவிட்டால் கடலுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது அல்லவா? என் மாணவர்களுக்கு இதை விளக்க விரும்புகிறேன்.
— ஆசிரியர் ஒருவர், கீழக்கரை

மாணவர்களிடம் இதைக் கேள்வியாகவே வையுங்கள், ஐயா, விடையாகச் சொல்லிவிடாதீர்கள். சுற்றுலா ஒரு துணைத்தொழிலாகலாம். மீன்பிடிக்கு மாற்றாகாது என்றே நான் கருதுகிறேன்.

கடலின் காலக்கணக்கை முதலில் பாருங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தென்கடலை ஆண் கடல், வடகடலை பெண் கடல் என்று ராமேஸ்வரம் தீவில் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண் கடலும் வாடைக்காற்றில் எப்படிச் சீறும் என்பதை 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி கண்டது. ஆண்டு முழுவதும் ஒரே துறையிலிருந்து சுற்றுலாப் படகு ஓட்ட இயலாது. மீனவர் கடல் கெட்ட நாளில் வலை பின்னுவார், வேறு கரைக்குப் போய்த் தொழில் பார்ப்பார். சுற்றுலாவையே நம்பியவருக்கு அந்த வழி இல்லை. 2020-இல் கொரோனாவுக்காக எல்லாம் மூடப்பட்டபோது, மீன் பிடிக்கத் தெரிந்தவர் எப்படியோ சமாளித்தார். பயணிகளை மட்டுமே நம்பியவருக்கு வீட்டில் உலை வைக்கவும் வழி இருந்திருக்காது.

அடுத்து ஆள்கணக்கு. ஒரு விசைப்படகு கடலுக்குப் போனால் அதில் ஏறுகிறவர்கள் மட்டும் பிழைப்பதில்லை. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், ஏலம் கூறுபவர், கருவாடு போடும் பெண்கள், தலைச்சுமையாக ஊருக்குள் மீன் விற்கப் போகிறவர் என்று கரையில் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. கயாக் என்ற துடுப்புச் சிறுபடகு ஒன்றைத் தள்ளிவிட்டால் அதன் பின்னால் அப்படி ஒரு வரிசை உருவாவதில்லை.

துணைத்தொழிலாக அது எங்கே பொருந்தும் என்பதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. அதை யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதே நாட்களில்தான் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். அந்தக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமும் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆக, விசைப்படகுத் தொழிலாளி வேலையின்றிக் கரையில் இருக்கும் நாளும் பயணி வந்து நிற்கும் நாளும் ஒன்று. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வெளியானது. இரண்டு மாதக் குடும்பச் செலவுக்கு அது போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை. காவலர், வழிகாட்டி, உயிர்காப்பாளர், படகோட்டி ஆகிய வேலைகளைத் தடைக்காலத்துக்கென்றே திட்டமிட்டு, படகு உரிமையாளருக்குக் கொடுக்காமல் கூலித் தொழிலாளிக்குக் கொடுத்தால், அந்த இரு மாதங்களில் வட்டிக்கு வாங்கும் கடன் கணிசமாகக் குறையும்.

கடலுக்கு நல்லது என்ற பகுதியையும் அப்படியே ஏற்க முடியவில்லை. மீனவர் விட்டுச்சென்ற இடத்துக்குச் சுற்றுலாப் படகின் நங்கூரம் வருகிறது. பவளப்பாறையின் மேல் விழும் நங்கூரம் வலையைவிடச் சாது என்று சொல்ல இயலாது. அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் கால்களும் அப்படித்தான். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. அப்படிப்பட்ட கோடையில் அந்தப் பகுதிக்குப் படகை அனுப்பாமல் நிறுத்திவைக்கத் துணிவு வேண்டும். சுற்றுலா வருமானத்தையே முழுதாக நம்பியிருக்கும் ஊருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்? மீன்பிடி உயிரோடு இருக்கும் ஊரால்தான் சுற்றுலாவை நிறுத்தவும் முடியும்.

மீன்வளம் குறைந்ததற்குக் காரணம் நாட்டுப்படகுக்காரரோ பாசி எடுக்கும் பெண்ணோ அல்லர் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரையுள்ள கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. அந்த எல்லைக்குள் விசைப்படகின் இழுவைமடி வலை வருவதைத் தடுத்தாலே, எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும்விட அதிக வீடுகளில் வருமானம் கூடும்.

கேள்வி: குழந்தைகளோடு மதுரையிலிருந்து வர விரும்புகிறோம். எப்போது வந்தால் என்ன பார்க்கலாம்? எங்கள் பணம் உள்ளூர் மக்களுக்குப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்?
— தி. மா., மதுரை

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. கண்மாய்களில் குஞ்சுகள் இருக்கும். தனுஷ்கோடி செல்லும் வழியில் கோதண்டராமர் கோவிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் இறங்கியிருக்கும். அந்தப் பகுதியில் 524.7 ஹெக்டேர் பரப்பு 2025 ஜூன் மாதத்தில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றை வடிகட்டித் தின்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டும், சாலையிலிருந்தே தெரியும். கிட்டே போனால் ஒன்று பறக்கும், அதைத் தொடர்ந்து எல்லாம் பறக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு அந்தச் சக்திச் செலவு வீண். டிரோன் கொண்டுவர வேண்டாம்.

தீவுப் பயணத்துக்குக் குந்துக்கால், கடற்புல்லும் பவளமும் பார்க்கப் பிச்சைமூப்பன்வலசை, அலையாத்திக்குக் காரங்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைப் பொறுத்துப் படகு நிறுத்தப்படும். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், நிறுத்தினால் சண்டை போடாதீர்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் மழை நாளுக்கு ஏற்றது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது.

பணம் உள்ளூரில் சேர வேண்டுமானால், ராமேஸ்வரத்து விடுதியில் "பேக்கேஜ்" வாங்காமல் துறைக்கே வந்து ஊர்க்குழுவின் சீட்டை வாங்குங்கள். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே அங்குள்ள பெண்களிடம் சொல்லிவிடுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அவர்கள் மீன் வாங்குவார்கள். சொல்லிவிட்டு வராமல் போனால் அந்த மீனின் நட்டம் அவர்களுக்கே.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிப் பொருட்கள் வாங்கலாமா? பவளம் வாங்கியவர் மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.
— கோ. ந., சென்னை

பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை உயிரோடோ உலர்ந்தோ வாங்கவோ விற்கவோ வைத்திருக்கவோ கூடாது. 2001-இல் இவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரையில் ஒதுங்கிக் கிடந்த வெள்ளைப் பவளத்துண்டை எடுத்துப் பையில் போடுவதும் இதில் அடங்கும். சில அரிய சிப்பி, சங்கு வகைகளும் அட்டவணையில் உள்ளன. பூசைக்கும் அணிகலனுக்கும் பயன்படும் சாதாரணச் சங்கில் சிக்கல் இல்லை. கீழக்கரைப் பக்கம் தலைமுறைகளாகச் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாதாரணச் சிப்பிகளைக் கோத்து மாலையும் கண்ணாடிச் சட்டமும் செய்து பிழைக்கும் குடும்பங்கள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல. அவர்களிடம் தயங்காமல் வாங்குங்கள். பெரிய கடையில் அறிமுகமில்லாத பெரிய சங்கையோ விசிறி போன்ற பவளத்தையோ துணிக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினால் விலைகூடக் கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள். வாங்கியதற்குச் சங்கின் வகையைக் குறிப்பிட்டு ரசீது கேளுங்கள்; ஒழுங்காக வணிகம் செய்பவர் எழுதித் தருவார்.